ஆரத்தித் தண்ணீர் போன வழி

ஆற்றைக் காப்பாற்றக் கிளம்பிய நாங்கள் முதலில் சாதித்தது, ஆற்றில் இறங்கக் கூடாது என்று ஒரு தடை வாங்கியதுதான். ஊருக்கு இல்லை, எங்களுக்கே எங்களுக்கு.

அப்போது ஏழாம் வகுப்பில் இருந்தேன். திருநெல்வேலியில், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பள்ளிக்கூடம் எங்களுடையது. பின்வாசலைத் திறந்தால் தென்னந்தோப்பு. தோப்பைத் தாண்டினால் படித்துறை. சனிக்கிழமை மதியம், உடற்பயிற்சி சார் கரையில் விசிலோடு நிற்க, பிள்ளைகள் நீச்சல் பழகலாம் என்று பள்ளிக்கூடமே அனுமதித்திருந்தது. வாரம் முழுக்க நாங்கள் ஒழுங்காகப் படித்ததே அந்தச் சனிக்கிழமையை யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். கணக்கில் முட்டை வாங்கியவன் தண்ணீரில் ராஜாவாக இருப்பான். வகுப்பில் முதலாவது வருகிற பிள்ளை கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு அழும். உலகம் சமமாகிற இடம் அது ஒன்றுதான். நான் படிப்பிலும் நீச்சலிலும் நடுவாந்தரம். ஆனால் படித்துறையை ஒட்டி நிற்கும் கல்மண்டபத்தின் மேலிருந்து குதிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்த வருஷம் புதிதாக வந்த அறிவியல் டீச்சர் பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். எதையும் கரும்பலகையோடு விட்டுவிட மாட்டார். அமிலம், காரம் என்று பாடம் வந்தால் எல்லோரையும் மஞ்சள் அரைத்துத் தாளில் பூசிக் கொண்டுவரச் சொல்வார். அந்தத் தாளில் சோப்புத் தண்ணீர் பட்டால் ரத்தச் சிவப்பாகும், எலுமிச்சை பட்டால் பழையபடி மஞ்சளாகும். ஒரு வாரத்துக்கு எங்கள் வகுப்பில் எல்லோருடைய விரலும் கல்யாணப் பெண்ணின் விரல் மாதிரி இருந்தது.

அவர்தான் ஆற்றுக்குழுவைத் தொடங்கினார். "பக்கத்துல ஆறு ஓடுது, நீங்க அதப் பத்திப் புத்தகத்துல படிக்கியளே, வெக்கமா இல்லையா?" என்று கேட்டார். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வகுப்பை விட்டு வெளியே போகலாம் என்பதால் சேர்ந்தேன். என் சிநேகிதி ஜெசி நான் சேர்ந்ததால் சேர்ந்தாள். மீரான் மீன் பிடிக்கலாம் என்று சேர்ந்தான். இப்படியாகத்தானே தாமிரபரணிக்குக் காவலர்கள் கிடைத்தார்கள்.

சேர்ந்த பிறகு பித்துப் பிடித்துவிட்டது. வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்போம். கற்களைப் புரட்டினால் அடியில் மூன்று வாலோடு ஒரு பூச்சிக் குஞ்சு ஒட்டியிருக்கும். அது இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர், அது போய் நெளிகிற சிவப்புப் புழு வந்தால் கெட்ட தண்ணீர். இந்த ரகசியம் தெரிந்ததிலிருந்து நான் ரேஷன் கடை வரிசையில் நின்றால்கூட ஆட்களைப் பிடித்து நிறுத்தி ஆற்றுப் பூச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். அம்மா என்னோடு வெளியே வரவே யோசித்தாள்.

கடைசியாக டீச்சர் சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்கள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்து தோய்த்த ஒரு காகிதத் துண்டு. அதில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட வேண்டும். மனிதக் கழிவு கலந்த தண்ணீர் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துவிடும். இல்லையென்றால் அப்படியே இருக்கும். படித்துறைக்கு ஒரு பாட்டிலாக ஊரில் உள்ள பல துறைகளிலும் பிடித்து வந்தோம். எங்கள் பாட்டிலை நான்தான் பிடித்தேன். மற்ற துறைப் பாட்டில்கள் கறுக்கும், நம்முடையது பளிங்கு மாதிரி நிற்கும் என்று ஆறாம் வகுப்பில் போய்ச் சவால் வேறு விட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை டீச்சர் அலமாரியைத் திறந்தார். மற்றவை சில சாம்பல், சில பழுப்பு. எங்கள் படித்துறைப் பாட்டில் மட்டும் காபி டிக்காஷன்.

டீச்சர் ஒளித்து வைக்கிற ஆள் இல்லை. நேரே ஹெச்.எம்.மிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஹெச்.எம். பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூடியைத் திறக்கலாமா என்று யோசித்தார், வேண்டாம் என்று முடிவு செய்தார். மறுநாள் காலை வழிபாட்டில் ஜெபம் முடிந்ததும் அறிவிப்பு வந்தது. அந்தத் தண்ணீர் சுத்தமாகும்வரை நமது பள்ளிப் பிள்ளைகள் ஒருவரும் அதில் கால் வைக்கக் கூடாது. பின்வாசலுக்கு ஒரு பூட்டும் வந்தது.

எங்கள் மூன்று பேரின் கதி என்ன ஆயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூடமே எங்களுக்குப் பகையாளி ஆகிவிட்டது. பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவன் மீரானின் காதைத் திருகி, "ஏலே, நல்லாத்தானல குளிச்சுக்கிட்டு இருந்தோம். ஒங்கள யாருல பாட்டில்ல புடிக்கச் சொன்னது?" என்று கேட்டான். ஜெசி மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கோ சனிக்கிழமை மதியம் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. உடம்பு முழுக்க எறும்பு ஊர்வது போல இருந்தது. ஆறு அங்கேயே இருக்கிறது, ஆனால் எனக்கு இல்லை. அதைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

டீச்சரும் விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எங்களைக் கூட்டிக்கொண்டு கரையோடு மேற்கே நடந்தார். எங்கள் துறைக்குச் சற்று மேலே கோரை மண்டிக் கிடக்கும் ஒரு மடிப்பு. மீரான்தான் முதலில் மூக்கைப் பொத்தினான். கோரையை விலக்கினால் கையகலத்துக்கு ஒரு சிமெண்டுக் குழாய். அதிலிருந்து நுரையோடு தண்ணீர் சொட்டி, கரையை ஒட்டியே நழுவி, நேராக எங்கள் படிகளைத் தொட்டுக்கொண்டு போனது. குழாய் எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தோம். மேலே, மஞ்சளும் பச்சையுமாகப் பெயிண்ட் அடித்து, சீரியல் விளக்குத் தோரணத்தோடு ஒரு கல்யாண மண்டபம் நின்றது.

அது என் மாமாவுடைய மண்டபம். அம்மாவின் உடன்பிறந்த அண்ணன்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எது நடந்தாலும் மாமாதான் முன்னால் நிற்பார். எனக்குக் காது குத்தியது அவர் மடியில். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சிலேட்டு வாங்கித் தந்தவர் அவர். நாக்கில் எப்போதும் ஒரு கேலி உட்கார்ந்திருக்கும். நாங்கள் டீச்சரோடு மண்டபத்து வாசலில் போய் நின்றதும், "வாங்க வாங்க, டாக்டர்மாரெல்லாம் கூட்டமா வாராங்க. ஆத்துக்கு என்னட்டி, காய்ச்சலா?" என்று என் தலையில் குட்டினார். டீச்சர் விஷயத்தைச் சொன்னார். மாமா முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு பெரிய சிமெண்டு மூடியைக் காட்டினார்.

"டீச்சர், எங்க தண்ணி பூராவும் இந்த டேங்குக்குள்ளதான் போவுது. நீங்க பாத்த பைப்பு மழைத்தண்ணிக்கு வச்சது."

"மழ பேஞ்சு எவ்வளவு நாளாச்சு மாமா?" என்றேன்.

"மாடித் தொட்டியக் கழுவுதோம்லா, அந்தத் தண்ணியா இருக்கும். ஏட்டி, பிள்ளையளுக்குக் கலர் வாங்கியாரச் சொல்லு. வெயில்ல வந்திருக்கு" என்று உள்ளே இருந்த அத்தைக்குக் குரல் கொடுத்தார்.

ஆளுக்கொரு பாட்டில் கலர் வந்தது. எனக்கு ஆரஞ்சு. கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நின்றது, அதன் மேல் கலரை ஊற்றிவிட்டேன். டீச்சர் மட்டும் குடிக்கவில்லை. திரும்பி வரும்போது, "அவங்க சொல்லுதாங்க, நாம சொல்லுதோம். ரெண்டுல எது உண்மைன்னு தண்ணிதான் சொல்லணும்" என்றார். தண்ணீர் எப்படிச் சொல்லும் என்று அவர் சொல்லவில்லை. அதை நாங்களே கண்டுபிடித்தோம் என்பதில்தான் எனக்கு இன்றைக்கும் பெருமை.

தை மாதம் மாமா மகளுக்குக் கல்யாணம். எனக்கு மதினி முறை. வேறெங்கே நடக்கும், மாமா மண்டபத்தில்தான். மாப்பிள்ளை வீடு ஸ்ரீவைகுண்டம். ஆற்றோடு கிழக்கே போனால் வரும் ஊர். சம்பந்தி எனக்குப் பெரியப்பா முறை. வாழை போடுகிறவர், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை, அதில் ஒரு தூசி பட்டாலும் நின்று தட்டிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். மதினியின் கையில் மருதாணி வைக்கும்போது நான் ஒன்றும் புரியாத முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாண வேலைப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தாலி கட்டு, பந்தி, மதியம் நல்ல நேரம் பார்த்துப் பெண் மாப்பிள்ளையை வழியனுப்பும்போது ஆரத்தி. ஆரத்தி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

மஞ்சள், சுண்ணாம்பு. கலந்தால் சிவப்பு. ஒரு தட்டில் கலந்து சுற்றித் தெருவில் கொட்டுவார்கள். ஒரு வாளி கலந்து மண்டபத்து அடுப்படிச் சாக்கடையில் கொட்டினால்? மாமா சொல்கிற மாதிரி அது டேங்குக்குள் போனால் ஆற்றில் ஒன்றும் தெரியாது. டீச்சர் சந்தேகப்படுகிற மாதிரி என்றால், கோரைக்குள்ளிருந்து சிவப்பாக வரும். கல்யாண வீட்டில் ஆரத்தி கரைக்கிறவளை யார் சந்தேகப்படுவார்கள்?

மறுநாள் ஜெசியிடமும் மீரானிடமும் சொன்னேன். ஜெசிக்கு முதலில் பயம். "ஒங்க மாமாவுக்குத் தெரிஞ்சா?" என்றாள். மீரானுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: "எங்களுக்குச் சாப்பாடு உண்டா?" இருவரையும் என் சிநேகிதர்கள் என்று மதினியிடம் சொல்லிக் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டேன். பந்தி முடிந்ததும் அவர்கள் படித்துறைக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். மதில் அருகே நின்று நான் கையை ஆட்டினால் ஊற்றப் போகிறேன் என்று அர்த்தம். சிவப்பு வந்தால் மீரான் விசிலடிக்க வேண்டும்.

கல்யாணம் எப்படி நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மேடையையே பார்க்கவில்லை. மூன்று பந்தி ஓடி முடிந்தது. சம்பந்தி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, வேர்த்துக் கொட்டுகிறது, ஊர் திரும்புமுன் ஒரு குளியல் போட வேண்டும் என்றார். மாமா குளியலறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். "தாமிரபரணிக் கரைக்கு வந்துட்டுப் பைப்புல குளிக்கவாவே?" என்று சம்பந்தி சிரித்துவிட்டு, துண்டும் துவைக்கிற சோப்புமாகப் படித்துறைக்கு இறங்கிவிட்டார். பாயசம் தெறித்த வேட்டியை அங்கேயே அலசிவிடலாம் என்பது அவர் கணக்கு. மாமா தடுக்க வாயெடுத்தார், அதற்குள் தவசிப்பிள்ளை சம்பளம் பேச வந்து நின்றுவிட்டார். தவசிப்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் விசேஷச் சமையல்காரர்.

அதுதான் நேரம். நான் அடுப்படியின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் மஞ்சள்தூள் பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு சேர்த்ததும் சிவந்தது, ஆனால் நினைத்த அளவு இல்லை, செங்கல் கரைத்த மாதிரி இருந்தது. நிமிர்ந்தால் எதிரே அம்மா.

"என்னட்டி இது?"

"ஆரத்தி. அத்தை கரைக்கச் சொன்னாங்க."

அம்மா வாளியைப் பார்த்தாள். அது ஒரு யானையைக் குளிப்பாட்டப் போதுமான ஆரத்தி. பிறகு என் காலடியில் இருந்த சாக்கடைத் துளையைப் பார்த்தாள். பிறகு என்னை. வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு பெரிய உருண்டைச் சுண்ணாம்பை எடுத்து வாளிக்குள் போட்டு, "சுண்ணாம்பு பத்தல. நல்லாக் கலக்கு" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மாவை இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இப்போது வாளியில் சரியான ரத்தம். மதிலுக்கு ஓடிக் கையை ஆட்டினேன். கீழே ஜெசி பதிலுக்கு ஆட்டினாள். திரும்பி ஓடிவந்து வாளியைச் சாய்த்தேன். சிவப்பு, துளையைச் சுற்றிச் சுழன்று சுழன்று இறங்கியது. ஒரு சொம்பளவுகூட இறங்கியிருக்காது, பின்னாலிருந்து தவசிப்பிள்ளையின் உதவியாள் ஒருவன் மிஞ்சிய ரசத்தை அண்டாவோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். "தள்ளு பாப்பா, தள்ளு தள்ளு" என்று அத்தனை ரசத்தையும் அதன் மேலேயே கவிழ்த்தான்.

என் கண் முன்னாலேயே அந்த அழகான சிவப்பு செத்தது. மஞ்சளாகிவிட்டது. கறிவேப்பிலை மிதக்கிற வெறும் மஞ்சள்.

அப்புறம் மஞ்சள் தாளும் எலுமிச்சம்பழமும் நினைவுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டேன். ரசத்தில் புளி! புளி சேர்ந்தால் சுண்ணாம்பு தோற்றுப்போகும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். கல்யாண வீட்டுச் சாக்கடையில் ரசம் வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஆற்றில் மஞ்சளாக எது வந்தாலும், துறையில் யாரோ சாம்பார்ச் சட்டி கழுவியிருப்பார்கள் என்பார் மாமா. அதுவும் இல்லையென்றால் பொம்பளைகள் மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறார்கள் என்பார். இன்னொரு கலர் வாங்கித் தருவார். அவ்வளவுதான், என் சனிக்கிழமைகள் போயின.

படித்துறைக்கு ஓடினேன். ஜெசி பாதி வழியிலேயே எதிரே வந்தாள். "மஞ்சளாத்தாம்ட்டி வருது, செவப்பா ஒண்ணையும் காணும்" என்றாள், அழுகிற குரலில். கோரை மடிப்பிலிருந்து ஒரு மஞ்சள் பட்டை பிரிந்து, கரையோரமாக அசையாத தண்ணீரில் பையப் பைய நகர்ந்து, படிகளின் ஓரம் வந்து தங்கியிருந்தது. அந்த மூலையில் துவைகல்லுக்கு முன்னால் சம்பந்தி துண்டைக் கட்டிக்கொண்டு குத்தவைத்து, வேட்டியை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே வெயில். அவர் தண்ணீரைக் கவனிக்கவில்லை. வேட்டியைக் கல்லில் விரித்தார், சோப்பை எடுத்தார், ஒரு இழுப்பு இழுத்தார்.

சோப்புப் போன தடமெல்லாம் சிவந்தது.

அவர் கையை எடுத்துப் பார்த்தார். இன்னொரு இழுப்பு. இன்னொரு சிவப்பு. பிறகு அந்தக் கரை முழுவதும் கேட்கும்படி ஒரு குரல் எழுப்பினார் பாருங்கள்: "ஐயய்யோ, ரத்தம்! யாரையோ வெட்டிப் போட்டிருக்கான்வே!"

மீரான் தன்னையறியாமல் விசிலடித்துவிட்டான். அந்த விசிலும் அவர் கூச்சலும் சேர்ந்து மண்டபத்தையே காலி செய்தது. நாதஸ்வரக்காரர் உட்படக் கூட்டம் இறங்கி ஓடிவந்தது. மாமா முன்னால் வந்தார். மாலையோடு மாப்பிள்ளை, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மதினி. சம்பந்தி துண்டோடு நின்று, சிவந்த வேட்டியைக் கொடி மாதிரி இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்திருந்தார்.

எனக்குப் பயம் என்பதே மறந்துபோயிற்று. "பெரியப்பா, அது ரத்தமில்ல! ஆரத்தி!" என்று கத்திக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, சாக்கடை, ரசம், புளி, சோப்பு. சொல்வது புரியவில்லையோ என்று அவர் கையிலிருந்த சோப்பைப் பிடுங்கி, வேட்டியில் மஞ்சள் படிந்த இன்னொரு இடத்தில் தேய்த்தே காட்டினேன். சிவந்தது. கூட்டத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாம்பார் பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவக்கும் என்பது துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. விளக்கம் தேவைப்பட்டது ஆண்களுக்கு மட்டும்தான்.

"அப்படின்னா, அடுப்படித் தண்ணி இங்கனதான் வருதுங்கியா?" என்றார் சம்பந்தி.

"அடுப்படித் தண்ணி மட்டுமில்ல பெரியப்பா, எல்லாந்தான். பாட்டிலு கறுத்துப் போச்சு."

சம்பந்தி பையத் திரும்பி மாமாவைப் பார்த்தார்.

"வே, சம்பந்தி. இந்தத் தண்ணி இங்கன நின்னுருமா? கெழக்கதானவே வருது? எங்க ஊரு அணையில நின்னு, எங்க வயலுக்குப் பாஞ்சு, எங்க வீட்டுக் கொடத்துக்கு வருது. பொண்ணு குடுத்தீரு, சந்தோசம். கூடவே ஒம்ம மண்டபத்துக் கக்கூஸையும் சீரா அனுப்பணுமா?"

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். மாமா ஏதோ சொல்ல வந்தார். டேங்கு, மழைத்தண்ணி, மாடித் தொட்டி, ஏதாவது ஒன்று நாக்கில் வந்திருக்கும். அதற்குள் சம்பந்தி குரலைத் தணித்து இன்னொன்று சொன்னார். "எங்களுக்குப் பழகிப்போச்சு, விடும். நாளையிலேருந்து ஒம்ம மவதானவே அதக் குடிக்கப் போறா."

மாமா மதினியைப் பார்த்தார். மதினி மருதாணிக் கையால் மாலையைப் பிடித்துக்கொண்டு, காலடியில் தேங்கியிருந்த மஞ்சள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாக்கில் கேலி இல்லாத மாமாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் இரண்டு படி இறங்கி வந்து சம்பந்தியின் கையிலிருந்த வேட்டியை வாங்கி மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"டேங்கு நெறஞ்சு ரொம்ப நாளாச்சு. மழைத்தண்ணி பைப்புல சேத்து விட்டுட்டேன். அடைச்சிருதேன்" என்றார். சம்பந்தியிடம் சொன்னாரா, மதினியிடம் சொன்னாரா தெரியாது.

"நான் வந்து பாப்பேன்" என்றார் சம்பந்தி.

"நாங்க டெஸ்ட் பண்ணியே பாப்போம்" என்றேன் நான். அப்போதுதான் கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. சம்பந்தியும் சிரித்தார். மாமாவின் வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் அவர் அன்று ஊருக்குப் போனார். வாசலில் பெண் மாப்பிள்ளைக்கு அத்தை வேறு ஒரு தட்டில் ஆரத்தி கரைத்துச் சுற்றினாள். அதைக் கொட்டப் போகும்போது ஒரு கணம் நின்று, எங்கே கொட்டுவது என்று என்னைப் பார்த்தாள். நான் பெருந்தன்மையாகத் தெருவைக் காட்டினேன்.

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வந்த முகூர்த்தங்களையெல்லாம் வேறு மண்டபங்களுக்கு அனுப்பிவிட்டு, பின்பக்கம் முழுவதையும் தோண்டிப் போட்டார். புது டேங்கு எழும்பியது. நிறைந்தால் அள்ளிப்போக லாரிக்கும் ஏற்பாடாயிற்று. ஆற்றுக்குப் போன குழாயின் வாயைச் சிமெண்டு வைத்து அடைத்த அன்று ஆற்றுக்குழுவை வரச்சொல்லி ஆளனுப்பினார். நாங்கள் போய் அந்த ஈரச் சிமெண்டை அதிகாரிகள் மாதிரி குனிந்து பார்த்தோம். மீரான் அதில் தன் பெயரை எழுதப் பார்த்தான், டீச்சர் கையைத் தட்டிவிட்டார். இந்த முறையும் கலர் வந்தது. இந்த முறை டீச்சரும் குடித்தார்.

முதல் பாட்டில் மறுபடியும் கறுத்தது. பள்ளிக்கூடம் முழுக்க எங்களைப் பார்த்து உச்சுக்கொட்டியது. கோரை மடிப்பில் பழைய சேறு கிடக்கிறது, ஆற்றுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்றார் டீச்சர். அதற்கு அடுத்த பாட்டில் பழுப்போடு நின்றது. அதற்கும் அடுத்த பாட்டிலை ஹெச்.எம். தம் மேசை மேலேயே வைத்துக்கொண்டார். நாங்கள் ஒவ்வொரு இடைவேளையிலும் அந்த அறை ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம். இரண்டு நாள் கழிந்தது. தண்ணீர் பிடித்தபடியே நின்றது. உள்ளேயிருந்த காகிதத்தின் ஓரத்தைக்கூட எண்ண முடிகிற மாதிரி தெளிவாக இருந்தது. ஹெச்.எம். அதைக் காலை வழிபாட்டுக்குக் கையிலேயே கொண்டுவந்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். பள்ளிக்கூடம் போட்ட சத்தத்தில் தோப்பிலிருந்த காக்கையெல்லாம் எழும்பிவிட்டது. காதைத் திருகிய பத்தாம் வகுப்பு அண்ணன், மீரானைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினான்.

மற்ற துறைகளில் பாட்டில்கள் கறுத்துக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்கும் குழாய்கள் இருந்தன, குழாய்களுக்கு மாமாக்கள் இருந்தார்கள். ஆனால் எங்களைப் பார்த்து அக்கரைப் பள்ளிக்கூடமும் ஒரு குழு தொடங்கியது. தங்கள் டீச்சரோடு வந்து, எந்தக் கடையில் மஞ்சள்தூள் வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை மதியம் பின்வாசல் திறந்தது. எல்லோரும் ஓடினோம். உடற்பயிற்சி சாரின் விசிலுக்கு யார் காத்திருந்தார்கள்? கல்மண்டபத்தின் மேலிருந்து முதலில் நான்தான் குதிக்க வேண்டும் என்று எல்லோரும் விட்டுக்கொடுத்தார்கள். பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அந்தக் குளிர் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. எழும்பி வந்து கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

கொஞ்ச நேரத்தில் படிகளின் மேல் மாமா வந்து நின்றார். பக்கத்தில் அம்மாவும். மாமா சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார், வேட்டியை இறுக்கிக் கட்டினார், ஒவ்வொரு படியாக இறங்கி, முழங்கால் தண்ணீரில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு சத்தமே இல்லாமல் முங்கினார். எங்கே போனார் என்று நாங்கள் தேடும்போது நடு ஆற்றில் தலை தெரிந்தது. எங்கள் சாருக்குக்கூட அப்படி நீந்த வராது. அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பினார், மல்லாந்து மிதந்தார், மறுபடி முங்கினார். பின்னால் ஆறு ஓடும் வீட்டில் இருந்துகொண்டு அந்த மனிதர் எத்தனையோ வருஷமாகப் போர்வெல் தண்ணீரில்தான் குளித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்கத் தோன்றியதில்லை. கரையில் அம்மா அவர் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, போதும் ஏறுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கூப்பிடுகிற குரலில் அவர் ஏற வேண்டும் என்ற அவசரமே இல்லை. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் நின்று பார்க்கவும் இல்லை.

எனக்கு அப்போது கல்மண்டபத்தின் மேல் ஏறி மறுபடி குதிக்க வேண்டும். நான் குதிக்கிற இடத்தில் சரியாக மாமா வந்து மிதந்துகொண்டிருந்தார். ஆற்றை மீட்டவர்கள் நாங்கள், நடுவில் வந்து இவர் ஏன் இவ்வளவு நேரம் கிடக்கிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.